ஒரே கண்ணுக்கு இரண்டு எண்கள்: விழிவெண்படலக் கலங்களைப் படமெடுக்கும் கருவிகள்

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்னர் சிலரிடம் மட்டும் வைத்தியர் மேலதிகமாக ஒரு பரிசோதனை கேட்பார். “கண்ணின்ர செல் கவுண்ட் ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ” என்பார். கண்ணில் பழைய ஷெல் காயம் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு முறை கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், காலையில் எழும்பும்போது பார்வை புகார் மூடியதுபோல் இருந்து மத்தியானத்துக்குப் பிறகு தெளிபவர்கள் போன்றோரிடம்தான் பெரும்பாலும் இது கேட்கப்படுகிறது. இயந்திரத்தின் முன் நாடியை வைத்து ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை முடிந்துவிடும். பிறகு கையில் ஒரு தாள் கிடைக்கும். அதில் தேன்கூடு போன்ற ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு ஏழெட்டு எண்களும் இருக்கும்.

போர்க் காயங்களோடு வாழ்பவர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அந்த வேலையில் இப்படியான தாள்கள் பலவற்றை என்னிடம் நீட்டி, “இதில என்ன போட்டிருக்கு, பிள்ளை?” என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு விளக்கம் சொல்லவேண்டியவர் வைத்தியர். ஆனால் நீண்ட வரிசையில் நிற்கும் கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, ஒன்றுக்கொன்று எதில் வேறுபடுகின்றன, அவை தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தமிழில் ஒரே இடத்தில் வாசிக்கக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்ணப்படுவது எது?

கண்ணின் முன்பக்கம், கருமணிக்கு மேலே கண்ணாடிபோல் மூடியிருப்பதுதான் விழிவெண்படலம். கோர்னியா என்று வைத்தியசாலைகளில் சொல்வது இதைத்தான். அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ 0.54 மில்லிமீற்றர். வெளிப்புறத்தில் மேலணி உண்டு. ஒரு கீறல் விழுந்தால் சில நாட்களில் அது தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். நடுவில் இருப்பது தடிப்பின் பெரும்பகுதியான நார்ப்படை. உட்புறத்தில், கண்ணுக்குள் இருக்கும் நீரைத் தொட்டபடி ஒரே வரிசைக் கலங்களால் ஆன ஒரு படை இருக்கிறது. அதற்கு அகவணி என்று பெயர். செல் கவுண்ட் என்பது இந்த அகவணிக் கலங்களை எண்ணுவது.

அகவணியின் வேலை நீர் இறைப்பது. கண்ணுக்குள் இருக்கும் நீர் எப்போதும் நார்ப்படைக்குள் கசிந்துகொண்டேயிருக்கும். அகவணிக் கலங்கள் அதை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. அந்த வேலை நடக்கும் வரைதான் விழிவெண்படலம் கண்ணாடிபோல் இருக்கும். கலங்கள் குறைந்து வேலை தடைப்பட்டால் நார்ப்படை நீரில் ஊறிப் புகைமூட்டமாகிவிடும். இரவு முழுவதும் இமை மூடியிருப்பதால் மேற்பரப்பில் நீர் ஆவியாகாது. அதனால்தான் ஆரம்பக் கட்டத்தில் காலையில் புகாராகவும் பின்னேரத்தில் சற்றுத் தெளிவாகவும் தெரிகிறது.

மனிதரில் இந்தக் கலங்கள் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குப் பெருகுவதில்லை. பிறக்கும்போது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 4,000 க்கு மேல் இருக்கும். வளர்ந்தவர்களில் பொதுவாக 2,000 முதல் 3,000 வரை. நோய் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.6 சதவீதம் குறைந்துகொண்டு போகும். ஒரு கலம் இறந்தால் பக்கத்திலுள்ளவை விரிந்து அந்த இடத்தை நிரப்பும். எனவே கலங்கள் குறையக் குறைய மிஞ்சியவை பெரிதாகும். 2,500 என்றால் ஒரு கலத்தின் சராசரிப் பரப்பு 400 சதுர மைக்ரோமீற்றர். 1,000 என்றால் அது 1,000. 500 என்றால் 2,000. கிட்டத்தட்ட 500 என்ற மட்டத்துக்குக் கீழே போகும்போது நீர் இறைக்கும் வேலை தாக்குப்பிடிக்காமல் போகும் ஆபத்து அதிகம்.

ஷெல் காயமும் அகவணியும்

ஷெல் சிதறலோ கல்லோ மண்ணோ விழிவெண்படலத்தைத் துளைத்து உள்ளே போனால், அந்த வழியிலுள்ள கலங்கள் உடனே அழியும். துளைக்காமல் வேகமாக மோதினாலும் அதிர்ச்சியால் உட்புறக் கலங்கள் சேதமடையலாம். வெளியே கிழிசல் இல்லாததால், “கண்ணுக்கு ஒண்டும் நடக்கேல்லை” என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சிறு துண்டொன்று விழிவெண்படலத்தின் கீழ் ஓரத்துக்குள் தங்கிவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து கலங்களை உரசிக்கொண்டிருக்கும். காயத்தைத் தைத்தது ஒரு முறை, புரையை எடுத்தது இன்னொரு முறை, விழித்திரை கழன்றதற்கு எண்ணெய் விட்டது வேறொரு முறை என்று ஒரே கண்ணில் பல சத்திரசிகிச்சைகள் நடந்திருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில கலங்களை எடுத்திருக்கும்.

2009 இல் வன்னியில் கண்ணில் காயப்பட்ட பலருக்கு உரிய நேரத்தில் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. அன்று 45 வயதில் இருந்தவர்கள் இன்று 60 ஐத் தாண்டியிருக்கிறார்கள். கண்புரை வரும் வயது அது. சாதாரணக் கண்ணில் புரையை எடுக்கும்போது நூற்றுக்கு 10 அளவில் கலங்கள் போனாலும் 2,300 இருந்தவருக்கு 2,000 க்கு மேல் மிஞ்சும். அவர் அதை உணரவே மாட்டார். பழைய காயத்தால் 700 இல் நிற்கும் கண்ணுக்கு அதே இழப்பு வேறு கதை. சத்திரசிகிச்சை நன்றாக நடந்த பிறகும் விழிவெண்படலம் ஊறிவிடக்கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வைத்தியர் கலங்களைப் பாதுகாக்கும் பசைத் திரவத்தைக் கவனமாகத் தெரிவுசெய்யலாம், உள்ளே பயன்படுத்தும் அதிர்வுச் சக்தியைக் குறைக்கலாம், பின்னர் விழிவெண்படல மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதை நோயாளிக்கு முன்பே சொல்லலாம். அந்தத் தாளிலுள்ள எண்ணின் பெறுமதி இதுதான்.

முதலில் இருந்தது சிலிற் லாம்ப்

எந்தக் கண் கிளினிக்கிலும் இருக்கும் சிலிற் லாம்பிலேயே இந்தக் கலங்களை ஓரளவு பார்க்கலாம். ஒடுக்கமான ஒளிக்கற்றையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழவைத்தால், அகவணியில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் தேன்கூட்டு வடிவம் மங்கலாகத் தெரியும். சுவிற்சர்லாந்து வைத்தியர் அல்பிரெட் வோக்ட் 1920 அளவில் இதை விவரித்தார். அனுபவமுள்ள வைத்தியர் இதில் நிறையவே கண்டுபிடிப்பார். கலங்களுக்கிடையில் மேடுகள் இருக்கின்றனவா, வீக்கம் உண்டா, துண்டு ஏதும் உள்ளே தெரிகிறதா என்பதெல்லாம் இதிலேயே பிடிபடும். ஆனால் எண்ண முடியாது. எண்ணுவதற்குப் படம் வேண்டும்.

ஸ்பெகியுலர் நுணுக்குக்காட்டி

வோக்ட் கண்ட அதே தெறிப்பை நுணுக்குக்காட்டிக்குள் கொண்டுவந்தவர் டேவிட் மொரிஸ். 1968 இல் அவர் ஆய்வுகூடத்தில் எடுத்த படங்களே தொடக்கம். 1975 இல் உயிருள்ள மனிதரின் கண்ணில் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இதன் தத்துவம் குளத்து நீரில் வானம் தெரிவதைப் போன்றது. இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒளியின் ஒரு பகுதி தெறிக்கும். அகவணிக்கும் அதன் பின்னாலுள்ள நீருக்கும் ஒளிமுறிவில் வித்தியாசம் மிகச் சிறிது. அதனால் அங்கு விழும் ஒளியில் ஏறத்தாழ 0.02 சதவீதம் மட்டுமே திரும்பி வருகிறது. அந்தச் சொற்ப ஒளியைப் பிடித்துத்தான் கருவி படமாக்குகிறது. கலத்தின் சமமான மேற்பரப்பு ஒளியை நேராகத் திருப்புவதால் வெளிச்சமாகவும், கலங்களுக்கு இடையிலான எல்லைகள் கறுப்புக் கோடாகவும் தெரியும்.

ஆரம்பக் கருவிகள் கண்ணைத் தொட்டே படமெடுத்தன. இன்று வழக்கிலுள்ளவை பெரும்பாலும் கண்ணைத் தொடாதவை. யப்பானிய நிறுவனங்களான ரொப்கொன், ரோமி, நிடெக், கோனன் ஆகியவற்றின் கருவிகளே பரவலாக உள்ளன. கண்ணின் அசைவைத் தானாகப் பின்தொடர்ந்து, படங்களை எடுத்து, எல்லைக் கோடுகளை வரைந்து, எண்ணியும் தந்துவிடுகின்றன. மரப்பு மருந்து தேவையில்லை. இயக்குபவருக்கு நீண்ட பயிற்சியும் தேவையில்லை. ஒரு நாளில் பலரைப் பார்க்கவேண்டிய கிளினிக்குக்கு இதுவே பொருத்தம்.

இதற்கு இரண்டு பெரிய குறைபாடுகள் உண்டு. முதலாவது, தெளிவான விழிவெண்படலத்தில்தான் இது வேலை செய்யும். வீங்கி ஊறிய கண்ணிலும், தழும்பு வெள்ளையாகப் படிந்த கண்ணிலும் நார்ப்படையே ஒளியைச் சிதறடித்துவிடும். தேன்கூடு தெரியாது. அதாவது யாருக்கு இந்தப் பரிசோதனை அதிகம் தேவையோ அவர்களிடமே இது கைவிடக்கூடும். “படம் வரேல்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டால் அதுவும் ஒரு தகவல் என்பதை நினைவில் வைத்திருங்கள். அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இரண்டாவது, பார்வைப் பரப்பு மிகச் சிறியது. உதாரணமாக நிடெக் சி.ஈ.எம்.-530 கருவியின் ஒரு படம் 0.25 க்கு 0.55 மில்லிமீற்றர். முழு அகவணியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணில் அதற்குள் முந்நூறுக்கு மேற்பட்ட கலங்கள் அடங்கும். கலங்கள் பெரிதாகி 500 இல் நிற்கும் கண்ணில் எழுபது கூட வராது. ஊடகக் கற்கையில் ஒளிப்படம் பற்றி முதலில் படித்த பாடம், சட்டகத்துக்கு வெளியே இருப்பதைப் படம் சொல்லாது என்பது. இங்கும் அதே கதைதான். நடுவில் எடுத்த படம் நல்லதாக இருக்கும்போதே, துண்டு தங்கியிருக்கும் கீழ் ஓரத்தில் கலங்கள் அழிந்துகொண்டிருக்கலாம். சில கருவிகளில் ஓரங்களையும் படமெடுக்கும் வசதி இருக்கிறது. காயப்பட்ட கண்ணுக்கு அதைக் கேட்டுப் பெறுவது பயனுள்ளது.

கொன்ஃபோகல் நுணுக்குக்காட்டி

1957 இல் அமெரிக்காவில் மார்வின் மின்ஸ்கி காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒரு கருத்து இதன் அடிப்படை. ஒளியை ஒரு நுண்ணிய புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியிலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஒரு சிறு துளை வழியாக உள்ளே விடுவது. மேலேயும் கீழேயும் இருந்து வரும் சிதறல் ஒளி துளையில் தடைப்பட்டுவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாக வருடினால், விழிவெண்படலத்தை வெட்டாமலே ஒவ்வொரு படையையும் தாள் தாளாகப் புரட்டிப் பார்க்கலாம்.

இன்று அதிகம் பேசப்படுவது ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் எஞ்சினியரிங் நிறுவனத்தின் எச்.ஆர்.ரி. கருவியோடு றொஸ்ரொக் கோர்னியா மொடியூலைப் பொருத்திப் பயன்படுத்தும் முறை. 670 நனோமீற்றர் சிவப்பு லேசரில் வேலை செய்யும். ஒரு படம் 0.4 க்கு 0.4 மில்லிமீற்றர். நிடெக்கின் கொன்ஃபோஸ்கான் இன்னொரு வகை. அது லேசருக்குப் பதில் வெள்ளை ஒளிக் கீற்றால் வருடியது.

இதன் பலம், அகவணியோடு நின்றுவிடாமல் எல்லாப் படைகளையும் காட்டுவது. மேலணிக் கலங்கள், அதற்குக் கீழே ஓடும் மெல்லிய நரம்புகள், நார்ப்படையின் கலங்கள், தொற்றுக் கிருமிகள் என்று பலதும் தெரியும். ஓரளவு மங்கிய விழிவெண்படலத்திலும், ஸ்பெகியுலர் கைவிட்ட இடத்தில், அகவணியைக் காட்டக்கூடும். நீரிழிவு நோயாளரில் நரம்புகள் மெலிவதை அறியவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

வடக்கு, கிழக்கு விவசாயிகளுக்கு இதில் முக்கியமான ஒரு பயன் உண்டு. சூடடிக்கும்போது பதர் தெறிப்பதாலும் நெற்தாள் கீறுவதாலும் கண்ணில் பங்கசுத் தொற்று வரலாம். அது பற்றீரியாத் தொற்றைப்போலவே வெள்ளைப் புண்ணாகத் தெரியும். ஆனால் மருந்து முற்றிலும் வேறு. சுரண்டி எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால் முடிவு வரப் பல நாட்கள் ஆகும். கொன்ஃபோகல் படத்தில் பங்கசின் இழைகள் வெண்கோடுகளாக அப்போதே தெரியக்கூடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கடுமையான தொற்றுடன் வந்த 239 பேரை வைத்து நடந்து 2016 இல் வெளியான ஆய்வில், பங்கசுத் தொற்று உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 86 பேரை இந்தக் கருவி சரியாக இனங்கண்டது. எல்லாரையும் அல்ல. எனவே சுரண்டல் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல. அதற்கு முன்னால் கிடைக்கும் ஒரு துப்பு. எந்தக் கருவியும் கிடைக்காத இடத்தில் செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. வைத்தியர் பார்க்காமல் மருந்துக்கடையில் ஸ்ரெரொயிட் துளிமருந்து வாங்கி விடக்கூடாது. பங்கசுப் புண்ணை அது வேகமாக மோசமாக்கும்.

கொன்ஃபோகலின் குறைகளையும் சொல்லவேண்டும். கண்ணை மரக்கச் செய்து, பசையிட்டு, ஒரு மெல்லிய மூடியைக் கண்ணில் தொடவைத்துத்தான் லேசர் முறையில் படமெடுக்கிறார்கள். அண்மையில் துளைத்த காயமோ மெலிந்து வெடிக்கும் நிலையில் புண்ணோ உள்ள கண்ணை அழுத்துவது ஆபத்து. இயக்குபவருக்குத் தேர்ச்சி வேண்டும். படங்கள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றில் எது எந்த ஆழம், எது கிருமி, எது நரம்பு என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். கருவியின் விலையும் ஸ்பெகியுலரைவிட அதிகம். அதனால்தான் பெரிய நிலையங்களுக்கு வெளியே இதைக் காண்பது அரிது.

கலத்தைக் காட்டாமலே சொல்லும் கருவிகள்

விழிவெண்படலத்தின் தடிப்பை அளக்கும் கருவியும் முன்பகுதி ஓ.சி.ரி. படமும் கலங்களை எண்ணித் தருவதில்லை. ஆனாலும் அகவணி வேலை செய்கிறதா என்பதற்கு அவை சாட்சி சொல்லும். கலங்கள் களைத்துப்போனால் தடிப்பு கூடும். காலையில் ஒரு முறையும் பின்னேரத்தில் ஒரு முறையும் அளந்து வித்தியாசம் பார்ப்பது எளிமையான, பயனுள்ள பரிசோதனை. 800 கலங்களோடும் தடிப்பு வழமையாக இருக்கும் கண், 1,000 கலங்களோடு தடித்துக்கொண்டு போகும் கண்ணைவிட நல்ல நிலையில் இருக்கலாம். எண்ணிக்கை இருப்பைச் சொல்கிறது. தடிப்பு உழைப்பைச் சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர். 2009 இல் இடது கண்ணில் காயம். புரை முற்றியதால் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமானபோது ஓரிடத்தில் எடுத்த அறிக்கையில் 1,140. எட்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எடுத்ததில் 960. “எட்டு மாதத்தில 180 போயிட்டுது, இனி கண்ணில கை வைச்சால் மிச்சமும் போயிடும்” என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். சத்திரசிகிச்சை வேண்டாம் என்றார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதலாவதில் எண்ணப்பட்ட கலங்கள் 94. இரண்டாவதில் 31. கருவிகளும் வேறு நிறுவனங்களுடையவை. அவரை வைத்தியரிடம் திரும்பப் போகச் சொன்னேன். முதல் எடுத்த அதே கருவியில் மீண்டும் எடுக்கப்பட்டது. 1,110 வந்தது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதற்காரணம் இடம். அகவணி முழுவதும் ஒரே செறிவில் இருப்பதில்லை. காயப்பட்ட கண்ணில் சொல்லவே தேவையில்லை. படமெடுத்த இடம் அரை மில்லிமீற்றர் தள்ளினாலே வேறு கலங்கள்.

இரண்டாவது, எண்ணும் முறை. ஒரு சட்டகத்துக்குள் எண்ணும்போது ஓரத்தில் பாதி தெரியும் கலங்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் சேர்த்தால் தொகை கூடும். விட்டால் குறையும். இரண்டு பக்க ஓரங்களைச் சேர்த்து மற்ற இரண்டையும் விடுவது ஒரு முறை. முழுக் கலங்களை மட்டும் கோடிட்டு அவற்றின் பரப்பால் வகுப்பது இன்னொன்று. ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் புள்ளி வைத்து எண்ணுவது கோனன் கருவிகளில் வழக்கமான முறை. கலங்கள் குறைவாக இருக்கும் படத்தில்தான் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

மூன்றாவது, உருப்பெருக்கத்தின் அளவீடு. கருவி தன் படத்தின் நீளத்தை 5 சதவீதம் தவறாக எடுத்துக்கொண்டால் பரப்பில் அது 10 சதவீதமாகிவிடும். எண்ணிக்கையிலும் 10 சதவீதம் தவறும். 1,100 க்கு அது 110 கலங்கள்.

நான்காவது, தானியங்கி எண்ணல். நல்ல கண்ணில் மென்பொருள் நன்றாகவே எண்ணும். கலங்கள் பெருத்து எல்லைகள் மங்கிய கண்ணில், ஒரு பெரிய கலத்துக்குள் இல்லாத கோடுகளை வரைந்து அதை இரண்டு மூன்றாகப் பிரித்துவிடும். அப்போது உண்மையைவிடக் கூடிய எண் வரும். ஆபத்து இங்கேதான். பலவீனமான கண்ணைப் பலமானதாகக் காட்டிவிடும். இயக்குபவர் கோடுகளைத் திருத்தினாரா என்பது முக்கியம்.

கொன்ஃபோகலில் இன்னொரு சிக்கல். கருவி சற்றுச் சரிந்து தொட்டாலும் வெட்டுமுகம் சாய்ந்துவிடும். படத்தின் ஒரு மூலையில் அகவணியும் மறு மூலையில் நார்ப்படையும் இருக்கும். அழுத்தத்தால் மடிப்புகளும் விழலாம். எனவே ஸ்பெகியுலர் எண்ணையும் கொன்ஃபோகல் எண்ணையும் ஒன்றையொன்று மாற்றிப் பயன்படுத்தக்கூடாது என்பதே இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளின் பொதுவான முடிவு. ஸ்பெகியுலர் கருவிகளுக்குள்ளேயே ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றதோடு ஒப்பிடுவதும் சரியல்ல.

கண் வங்கியில்

கலங்கள் மிகவும் குறைந்து விழிவெண்படலம் ஊறிவிட்டால் வழி, தானமாகக் கிடைத்த விழிவெண்படலம். இலங்கை இதில் உலகறிந்த நாடு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய இலங்கை கண்தான சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கி, பின்னர் பல நாடுகளுக்குப் பல்லாயிரக்கணக்கில் விழிவெண்படலங்களை அனுப்பியிருக்கிறது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் தேசிய கண் வங்கியும் இயங்குகிறது.

தானம் கிடைத்தவுடன் பொருத்திவிட முடியாது. அதன் கலங்களும் எண்ணப்படவேண்டும். கண் வங்கிக்கென்றே உள்ள ஸ்பெகியுலர் நுணுக்குக்காட்டியில், பாதுகாப்புத் திரவத்தில் மிதக்கும் நிலையிலேயே, புட்டியைத் திறக்காமல் படமெடுக்கிறார்கள். குளிரில் வைத்திருந்ததை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எல்லைகள் தெளிவாகத் தெரியும். பல கண் வங்கிகள் 2,000 க்குக் குறைந்தவற்றை அகவணி தேவைப்படும் சிகிச்சைக்குக் கொடுப்பதில்லை. பொருத்திய பிறகும் கலங்கள் வழமையைவிட வேகமாகக் குறையும். ஆகவே தொடக்கத்தில் கையிருப்பு அதிகமாக இருக்கவேண்டும்.

முழு விழிவெண்படலத்தையும் மாற்றாமல் அகவணியை மட்டும் மாற்றும் சத்திரசிகிச்சையும் இன்று உண்டு. ஆய்வுகூடத்தில் வளர்த்த அகவணிக் கலங்களை ஊசி மூலம் கண்ணுக்குள் செலுத்தும் முறையை யப்பானில் ஷிகெரு கினோஷிற்றாவின் குழு 11 பேரில் செய்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டது. இவை எல்லாவற்றிலும் முன்னேற்றத்தை அளப்பது அதே நுணுக்குக்காட்டிகள்தான்.

தாளை எப்படி வாசிப்பது?

அறிக்கையில் நான்கு எண்களைத் தேடுங்கள்.

“சி.டி.” என்பது கலச் செறிவு. ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை கலங்கள் என்பது.

“நம்பர்” அல்லது “என்” என்பது உண்மையில் எண்ணப்பட்ட கலங்கள். இதுதான் அநேகமானோர் பார்க்காமல் விடுவது. 100 ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 30, 40 என்றிருந்தால் செறிவு எண்ணை அந்த அளவுக்கே நம்பவேண்டும்.

“சி.வி.” என்பது கலங்களின் பருமன் எவ்வளவு வேறுபடுகிறது என்பது. 30 ஐ ஒட்டி இருப்பது வழமை. 40 ஐத் தாண்டினால் கலங்கள் நெருக்கடியில் இருக்கின்றன.

“ஹெக்ஸ்” அல்லது “6 ஏ” என்பது நூற்றுக்கு எத்தனை கலங்கள் அறுகோண வடிவில் இருக்கின்றன என்பது. 60 ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நன்று. 50 க்குக் கீழே இறங்கினால் கவனிக்கவேண்டும்.

பெரும்பாலான கருவிகள் நடுப்பகுதியின் தடிப்பையும் சேர்த்தே அச்சிடும். அதையும் பாருங்கள்.

இவற்றோடு, வைத்தியரிடமோ படமெடுப்பவரிடமோ கேட்கக்கூடிய கேள்விகள் சில:

- இது எந்தக் கருவியில் எடுத்தது? முன்னர் எடுத்ததும் இதே கருவியா?
- எண்ணியது இயந்திரம் மட்டுமா, ஒருவர் பார்த்துத் திருத்தினாரா?
- நடுவில் மட்டும் எடுத்ததா? காயம் இருந்த பக்கத்திலும் எடுக்கலாமா?
- மற்றக் கண்ணில் எவ்வளவு? காயப்படாத கண்தான் உங்களுக்கான சரியான அளவுகோல். இரண்டு கண்ணையும் ஒரே நாளில், ஒரே கருவியில் எடுப்பது நல்லது.

உடம்பில் பீஸ் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் இன்னொரு கேள்வி, “இந்த மெசினுக்குள்ள போகலாமோ?” என்பது. ஸ்பெகியுலர், கொன்ஃபோகல், ஓ.சி.ரி. மூன்றும் ஒளியால் வேலை செய்பவை. காந்தமும் இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. உடம்பில் உலோகத் துண்டு இருப்பதால் இவற்றுக்குத் தடை கிடையாது. எம்.ஆர்.ஐ. வேறு விடயம். கண்ணுக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அந்தக் காந்தப்புலத்தில் அது அசைந்து பார்வையையே பறித்துவிடலாம். எந்தக் காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், காயம் எவ்வளவு பழையதாக இருந்தாலும், ஷெல் காயப்பட்டவர் என்பதை முதலில் சொல்லுங்கள். துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலோ சி.ரி. ஸ்கானிலோ பார்த்த பிறகே அதற்குள் விடுவார்கள்.

இடம்பெயர்வில் பலருடைய மருத்துவப் பதிவுகள் அழிந்துபோயின. காயம் எப்போது, எங்கே, எதனால் ஏற்பட்டது, அந்த நேரம் கண்ணில் என்ன செய்தார்கள் என்பதற்கு இன்று நோயாளியின் ஞாபகத்தைத் தவிர வேறு சான்று இல்லை. இந்த ஒரு தாள் அப்படியான கண்ணின் புதிய பதிவின் முதல் பக்கம். படமும் சேர்த்து அச்சிட்டு வாங்குங்கள். கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதே கருவியில் எடுங்கள். 1,110 வந்த அந்தத் தாளைப் பார்த்த பிறகு சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர், முன்னைய இரண்டு தாள்களையும் எறியாமல் அதே உறையில் போட்டு வைத்திருக்கிறார். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அடுத்து வரும் எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கும்.